முயல் குட்டியைத் தூக்கிப்போவது யார்?

முயல் வளர்ப்பவர்கள் யாரிடமாவது குட்டி எப்படிக் காணாமல் போனது என்று கேட்டுப் பாருங்கள், பூனை என்பார்கள். பூனையைப் பார்த்தீர்களா என்றால், இல்லை. ராத்திரி இருந்தது, விடிந்தால் காணோம், அப்போ பூனைதானே. அந்த முடிவோடு கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, அடுத்த ஈத்திலும் குட்டிகளைப் பறிகொடுத்தவர்களை எங்கள் பழனிமலை அடிவாரத்துத் தோட்டங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். வந்தது எது என்று தெரியாமல் கூண்டுக்குச் செலவு செய்வது வீண். நாய்க்குப் போடுகிற வேலி எலியைத் தடுக்காது, எலிக்குப் போடுகிற வலையை நாய் ஒரு இழுப்பில் கிழித்துவிடும்.

அதனால் குட்டி செத்துக் கிடந்தாலோ காணாமல் போனாலோ உடனே கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். முதலில் நின்று பாருங்கள். வலை கிழிந்து, கதவு கோணி, உடல்கள் அங்கங்கே கிடந்தால் நாய். பெரும்பாலும் நாய் தின்னவே தின்னாது, விளையாட்டாகக் கொன்றுபோட்டுவிட்டுப் போய்விடும். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, முடி கூடக் கலையவில்லை, ஆனால் தாய் ஈனுவதற்காகக் கூண்டுக்குள் வைக்கிற பெட்டியில் இருந்த குட்டிகளில் பாதி இல்லை என்றால் பாம்பு என்று வைத்துக்கொள்ளலாம். குட்டிகளை விழுங்கி வயிறு பருத்ததில் வந்த இடுக்கு வழியாகத் திரும்பப் போக முடியாமல் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு, எனவே டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விட வேண்டாம். காலையும் காதையும் கடித்த தடம், தினம் ஒன்றாகக் குறைவது, கூண்டுக்கடியில் புது வளை, இதெல்லாம் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி. கழுத்திலோ தலையிலோ கடிபட்டு ஒரே நேரத்தில் பல குட்டிகள் போயிருந்தால், பகலில் நடந்தது என்றால் கீரி, இரவில் கூரைப் பக்கமிருந்து வந்தது என்றால் மரநாய். வளர்ந்த குட்டியின் கால் மட்டும் வலைக்கு வெளியே இழுபட்டுக் கிழிந்திருக்கிறதா, அதுதான் பூனை. பூனை உள்ளே வரவே தேவையில்லை, வெளியே உட்கார்ந்து கையை நீட்டினாலே போதும்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் யாருக்கும் பிடிக்காது. பாதி தின்ற நிலையில் குட்டி பெட்டிக்குள்ளேயே கிடந்தால் தாயையும் சந்தேகப்பட வேண்டும். முதல் ஈத்து, ஈன்ற நேரத்தில் தண்ணீர் இல்லாமை, தீவனக் குறைவு, சுற்றிலும் சத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாய் முயல் தன் குட்டியையே தின்பது நடக்கிற விஷயம்தான். அதற்கு எந்த வலையும் உதவாது.

முயல் குட்டி ஏன் இவ்வளவு சுலபமான இரை என்று கொஞ்சம் யோசித்தால் கூண்டை எப்படி அமைப்பது என்பது தானாக விளங்கும். நம் ஊர்க் காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்து பிறக்கும், புல் மறைவில் அசையாமல் கிடந்தே தப்பித்துக்கொள்ளும். நாம் வளர்க்கிற வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை எல்லாம் வேறு இனம், ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வழி வந்தவை. அதன் குட்டி முடியில்லாமல், கண் மூடி, ஐம்பது கிராம் எடையில் பிறக்கிறது. கண் திறக்கப் பத்து நாளாகும், பெட்டியை விட்டு வெளியே வர மூன்று வாரமாகும். காட்டில் அந்தத் தாய் குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். நாளைக்கு ஒருமுறை, சில சமயம் இருமுறை வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதன் வாடையே எதிரிக்கு வழிகாட்டிவிடும். தாய் குட்டியைக் கவனிக்கவே மாட்டேன் என்கிறது என்று புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான்.

அந்தத் தாயைத்தான் நாம் இரண்டடிக்கு மூன்றடி கூண்டில் அடைக்கிறோம். விலகிப் போக இடமில்லை, மூட மண்ணில்லை. அதன் வாடையும் குட்டியின் வாடையும் ஒரே இடத்தில் நிற்கிறது. இருட்டு, மறைவு, வாடை இல்லாமை, இந்த மூன்றையும் அதற்கு நாம்தான் திருப்பித் தர வேண்டும். குட்டி ஈனும் பெட்டிக்கு மூடி வையுங்கள், உள்ளே போக ஒரே ஒரு வாயில் இருக்கட்டும். ஈன்ற அன்றே நஞ்சுக்கொடி, ரத்தம் பட்ட நார், செத்துப் பிறந்த குட்டி எல்லாவற்றையும் எடுத்துத் தூரமாகப் புதைத்துவிட வேண்டும். தாய் உதிர்த்து வைத்த முடியை மட்டும் எடுக்காதீர்கள், குட்டிக்குக் கதகதப்பு அதில்தான். வந்தவர் போனவருக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டுகிற பழக்கமும் வேண்டாம்.

இப்போது எலி விஷயம். என்னைக் கேட்டால் திறந்தவெளிக் கூண்டுகளில் போகிற குட்டிகளுக்கு முதல் காரணம் தீவன மூட்டைதான். சிரிக்காதீர்கள். ராத்திரி தட்டில் மிஞ்சிய தீவனமும் கூண்டுக்கடியில் சிந்திய கடலைப் பிண்ணாக்கும் எலியைக் கூப்பிடுகின்றன. எலி வந்து குடியேறினால் அதைத் தேடிச் சாரை வரும், நல்லபாம்பு வரும். அது எலியைத்தான் தேடி வந்தது, வழியில் கண்மூடிக் கிடக்கிற முயல் குட்டி எலியைவிடச் சுலபமாகக் கிடைத்தால் விடுமா? எலியை நிறுத்தினால் பாம்பும் பாதி நின்றுவிடும். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், சாக்கில் வேண்டாம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எனத் தின்று தீர்க்கிற அளவு மட்டும் போடுங்கள், ராத்திரிக்குப் பசும்புல்லும் வேலிமசாலும் கட்டித் தொங்கவிட்டால் போதும். கூண்டுக்கடியில் புழுக்கையோடு சேரும் குப்பையை வாராவாரம் அள்ளி உரக்குழிக்குக் கொண்டுபோங்கள். உரக்குழி கூண்டை ஒட்டி இருக்கக் கூடாது, இருந்தால் பெருச்சாளிக்கு அதுவே வீடு.

பாதுகாப்புக்கு என்று சிலர் ராத்திரி முழுக்க விளக்கு எரியவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்கு எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வலைக்கு வருகிறேன். கடையில் போய் வலை என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை. விலை குறைவு, சுருட்டிக் கொண்டுபோகவும் சுலபம். முயல் வெளியே போகாமல் இருக்க அது போதும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கப் போதாது. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது, நாய் பல்லை மாட்டி இழுத்தால் முறுக்குப் பிரிந்துவிடும், கொஞ்ச நாளில் துருவேறினால் பெருச்சாளியே கடித்துவிடும். வாங்க வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் பெரிய எண்ணைச் சொல்லி நல்லது என்று தள்ளிவிடப் பார்ப்பார். கூண்டின் பக்கவாட்டுக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ் போட்டுவிட்டு, கீழே அரை அடி உயரத்துக்கு மட்டும் அரை அங்குல வலையைச் சுற்றிலும் கூடுதலாகக் கட்டுங்கள். இதில் இரண்டு பயன். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் துள்ளி வெளியே வந்தால் காம்பைப் பிடித்தபடி குட்டியும் கூடவே வந்து கூண்டுத் தரையில் விழும், ஒரு அங்குலக் கண்ணில் அது நழுவி மண்ணில் போய்விடும். காலையில் காணோம் என்று நாம் பூனையைத் திட்டுவோம், எறும்பும் எலியும் முடித்திருக்கும். அரை அங்குலம் அந்த வழியை அடைக்கிறது, வெளியிலிருந்து பெரிய எலியையும் அடைக்கிறது. ஆனால் எலிக்குஞ்சும் சுண்டெலியும் அரை அங்குலத்தில் நுழைந்துவிடும், மெலிந்த பாம்பும் நுழையும். எனவே பெட்டி இருக்கிற மூலைக்கு மட்டுமாவது கால் அங்குல வலை. முழுக் கூண்டுக்கும் கால் அங்குலம் போட்டால் செலவும் அதிகம், புழுக்கை விழாமல் தரை நாறிவிடும்.

பூனைக்கு இன்னொரு யோசனை. இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டு வெளிப்பக்கம் இன்னொரு வரிசை வலை கட்டினால் அதன் கை முயலுக்கு எட்டாது. வெளி வலை மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை.

பயந்துகொண்டு நாலு பக்கமும் பலகையாலோ தகரத்தாலோ மூடிவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். முயலுக்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் காற்றில்லாத தகரப் பெட்டிக்குள் தாயும் சாகும் குட்டியும் சாகும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் முயல் வளர்க்கிறது என்றால் அங்கே குளிர் இருக்கிறது. அடிவாரத்தில் இருக்கிற நாம் அதை அப்படியே பார்த்துச் செய்ய முடியாது. மேலே கீற்றுக் கொட்டகை, பக்கத்தில் வலை, மழைச் சாரலுக்குச் சுருட்டி இறக்குகிற சாக்குப் படுதா, இதுதான் நம் பக்கத்துக்குச் சரி.

கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கட்டும். கால்களில் வழவழப்பான தகரத்தைச் சுற்றி அடியுங்கள், தென்னையில் எலி ஏறாமல் இருக்கக் கட்டுகிறோமே அதே வேலைதான். மேலே எவ்வளவு நல்ல வலை போட்டாலும், பக்கத்து முருங்கைக் கிளை ஒன்று கூண்டுக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மரநாய்க்கு அதுவே பாலம். வெட்டிவிடுங்கள். கதவுக்குத் திருகு கொண்டி மட்டும் போதாது, நாய் மூக்கால் நெம்பினால் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு கட்டுக்கம்பியைச் செருகிவிட்டால் பூட்டே தேவையில்லை.

எறும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நெருப்பெறும்பு ஒரு வரிசை ஏறினால் போதும், முடியில்லாத குட்டிகள் ஒரே ராத்திரியில் போய்விடும். ஈன்ற வாடைக்கும் சிந்திய பாலுக்கும் அது வரும், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில் புற்றுக்குள் தண்ணீர் புகுந்து மேட்டைத் தேடுகிற சமயத்தில் நம் கூண்டுதான் மேடு. கூண்டுக் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழி, நன்றாகவே வேலை செய்யும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ பழைய என்ஜின் ஆயிலோ கலந்தால் கொசுவும் முட்டையிடாது. ஆனால் கிண்ணத்தில் ஒரு வைக்கோல் விழுந்து கிடந்தால், பக்கத்துப் புல் வளர்ந்து கூண்டில் சாய்ந்திருந்தால், படுதாவின் கயிறு தரையைத் தொட்டால், எறும்பு அதில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும், கிண்ணம் சும்மா நிற்கும். எறும்புச் சாக்பீஸ் பூச்சிமருந்துதான், கூண்டின் காலில் கீழ்ப்பக்கம் போடலாம், பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

சரி, எந்தப் பிராணியும் உள்ளே வரவில்லை என்றே வையுங்கள். கூண்டைச் சுற்றி நாய் ஒன்று அரைமணி நேரம் குரைத்துக்கொண்டு ஓடினாலே குட்டிகள் செத்துப்போகலாம். பயந்த தாய் பின்காலைத் தரையில் அறையும், அப்புறம் ஒளிய இடம் தேடிப் பெட்டிக்குள் பாயும், உள்ளே குட்டிகள் நசுங்கும். பயத்தில் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்கிற முயலும் உண்டு. அதனால் கூண்டுக்கும் நாய் வந்து நிற்கக்கூடிய இடத்துக்கும் நடுவே ஆறேழு அடி தள்ளி ஒரு வெளிவேலி இருப்பது நல்லது, முள்வேலியானாலும் சரி. வீட்டுக் காவலுக்கு நாய் வளர்க்கிறேன், அது முயலையும் பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன ஒருவரிடம் என்ன நாய் என்றேன், சிப்பிப்பாறை என்றார். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனத்தை முயலுக்குக் காவல் வைப்பது தனித் துணிச்சல்தான்.

வெடிச் சத்தமும் இதே கணக்கில் வரும். முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள், ஆகவே தீபாவளியை ஒட்டி ஈனாதபடி பார்த்துச் சேர்த்துவிடலாம். ஊர்த் திருவிழா வாணவேடிக்கைக்கும் இதையே பாருங்கள்.

பாம்புக்கு ஊரில் ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்து அக்கா, “பூண்டைத் தட்டி வேலி ஓரமா ஊத்துப்பா, அந்தப் பக்கமே தலை காட்டாது” என்பார். இன்னொருவர் பெருங்காயம், வேறொருவர் சிறியாநங்கைச் செடி. சிறியாநங்கை மருந்துச் செடிதான், வளருங்கள், ஆனால் அதை நம்பி வலையில் ஓட்டையை விட்டுவைக்காதீர்கள். கினிக்கோழி வளர்ப்பது ஓரளவு பயன், பாம்பைத் தடுக்காவிட்டாலும் கண்டால் ஊரைக் கூட்டும். காது வலிக்கும், அதற்குத் தயாராக இருந்தால் வளர்க்கலாம். மீன் வலையைச் சுற்றிக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அதில் சாரை சிக்கி, பின்னால் போக முடியாமல் நாள்கணக்கில் அறுபட்டுச் சாகும். உங்கள் எலியைத் தின்ன வந்த பிராணி அது. பாம்பு உள்ளே கிடந்தால் தாயை மெதுவாக வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், வந்து பிடித்துப்போவார்கள்.

விஷம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். எலிக்கு வைத்த மருந்தைத் தின்று தள்ளாடுகிற எலியைக் கூகை தின்னும், வீட்டுப் பூனை தின்னும், செத்த எலி கூண்டுக்கடியில் அழுகும். கீரி, மரநாய், சாரை, நல்லபாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, கொன்றால் வழக்கு. எலிக்குப் பொறியே போதும். தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் பொறி கிடைத்தால் வளை வாயிலில் வையுங்கள், முயல்களும் கோழிகளும் நடமாடாத இடமாகப் பார்த்து.

கடைசியாகத் தரைப் பட்டி. பால் மறந்த குட்டிகளைப் பகலில் புல்தரையில் விடுவது நல்லதுதான், நன்றாக ஓடித் தின்று வளரும். தாயை மட்டும் தரையில் ஈன விடாதீர்கள். அது வளை தோண்டி உள்ளே ஈன்றுவிடும், அந்த வளையோடு பெருச்சாளி வளை ஒன்று போய்ச் சேர்ந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. பட்டிக்கு நான்கு பக்கமும் வலை நட்டால் பலர் அதை நேராக மண்ணுக்குள் ஒரு அடி இறக்குவார்கள். அதைவிடச் சுலபமான வழி, வலையின் அடிப்பகுதியை ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு படுக்கவைத்து மேலே கல்லும் மண்ணும் போடுவது. நாயும் கீரியும் வேலியை ஒட்டித்தான் தோண்டும், தோண்டினால் நகம் கம்பியில் படும், பின்னால் தள்ளிப்போய்த் தோண்டத் தோன்றாது. உள்ளே இருக்கிற முயல் தோண்டி வெளியேறுவதும் சேர்ந்து தடைபட வேண்டுமென்றால் உள்பக்கமும் அரை அடி மடித்துவிடுங்கள். மேலேயும் வலை கட்டாயம். வல்லூறு ஒரு குட்டியைத் தூக்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும், காகம் தூக்க முடியாவிட்டால் கண்ணைக் கொத்தும். நைலான் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்தால் பறவை சிக்கிக்கொள்ளும்.

பட்டிக்குள் இரண்டு மூன்று உடைந்த மண்பானையைக் கவிழ்த்துப் போடுங்கள், பருந்து நிழல் விழுந்ததும் ஓடி ஒளிய இடம் வேண்டும். பானை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில் இருப்பது நல்லது, ஒரு பக்கம் எதிரி வந்தால் மறுபக்கம் ஓடலாம். பொழுது சாய்வதற்குள் எண்ணி உள்ளே அடைத்துவிட வேண்டும். ஒன்று குறைந்தால் முதலில் பானைக்குள் பாருங்கள், பாதி நாள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.